ஒரே சர்வர், ரெண்டு வீட்டு மெயில்: அனுப்புறவங்க அட்ரஸ பாத்து ரிலே பண்ண போஸ்ட்ஃபிக்ஸ செட் பண்றது

போன ஆடி மாசம் அத்தான் கிட்ட இருந்து போன். கன்னியாகுமரில அவருக்கு சின்னதா ஒரு லாட்ஜ் உண்டு, ஏழு ரூம். "மாப்ள, பூனாக்காரரு ஒருத்தர் ரூம் புக் பண்ணினாரு, அவருக்கு ஏதோ தேன் கடைல இருந்து மெயில் வந்திருக்காம், ரூம் உண்டா இல்ல தேன் பாட்டில்தானான்னு கேக்காரு"ன்னாரு. எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், வயித்துல புளி ஒரு பக்கம், ஏன்னா அது முழுக்க நான் பண்ணி வச்ச சோலி.

நடந்தது இதுதான். வடசேரில எங்க வீட்டு மாடில ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வரா ஓடுது, அதுல மெயில் அனுப்புற புரோகிராம் பேருதான் போஸ்ட்ஃபிக்ஸ். மார்த்தாண்டத்துல சித்தப்பாவுக்கு தேன் கடை, அதோட வெப்சைட்டும் அத்தான் லாட்ஜ் வெப்சைட்டும் ரெண்டும் இதுலதான் கெடக்கு. ஆர்டர் வந்தா ஒரு மெயில், புக்கிங் வந்தா ஒரு மெயில், அவ்ளோதான் தேவை. சித்தப்பாவுக்கு சொந்த டொமைன் கெடயாது, ஜிமெயில் அட்ரஸ்தான், அதனால நான் எல்லா மெயிலையும் அந்த ஜிமெயில் வழியா வெளிய போற மாதிரி ஒரே ஒரு ரிலே (நம்ம மெயில வாங்கி நமக்காக வெளிய அனுப்புற இன்னொரு சர்வர்) போட்டு விட்டுட்டேன். ஜிமெயில் சர்வர்ல எந்த அக்கவுண்ட்ல லாகின் பண்றோமோ அந்த அட்ரஸத்தான் அது அனுப்புநரா போடும், வேற அட்ரஸ் வேணும்னா முன்னாடியே அந்த அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல சேத்து வெரிஃபை பண்ணிருக்கணும். நான் அத பண்ணல. அதனால லாட்ஜ் புக்கிங் மெயில் எல்லாம் தேன் கடை பேர்ல போயிருக்கு.

இத சரி பண்றதுக்குத்தான் அனுப்புநர் அட்ரஸ பாத்து ரிலே பண்றது. கல்யாண வீட்ட நெனச்சுக்கோங்க, எல்லாரும் போறது ஒரே மண்டபம்தான், ஆனா பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒரு வேன், மாப்ள வீட்டுக்காரங்களுக்கு ஒரு வேன். வேன்ல ஏத்துறவரு "எங்க போறீங்க"ன்னு கேக்க மாட்டாரு, "நீங்க எந்த வீட்டு ஆளு"ன்னுதான் கேப்பாரு. சாதாரணமா மெயில் சர்வர் முதல் கேள்விய கேட்டுத்தான் வழி பாக்கும், நாம அத ரெண்டாவது கேள்விய கேக்க வைக்கப் போறோம்.

இத முதல்ல தக்கலைல இருக்குற சித்தி பையனுக்கு போன்லதான் சொல்லிக் குடுத்தேன், அவன் டைப் பண்ண நான் வாயால சொன்னேன், அதே மாதிரிதான் இங்கயும் எழுதிருக்கேன். கமாண்ட் எல்லாம் தமிழ் எழுத்துல இருக்கும், டைப் பண்றப்ப எல்லாமே இங்கிலீஷ் சின்ன எழுத்து. இந்த _ கோடு, [ ] அடைப்பு, : எல்லாம் பாக்குறபடியே அப்படியே போடணும்.

ரிலே எதுக்குன்னு ஒரு கேள்வி வரும், நேரா அனுப்பக் கூடாதான்னு. மெயில் சர்வருங்க தங்களுக்குள்ள பேசிக்குற போர்ட் 25. வீட்டு பிராட்பேண்ட்ல நெறைய இடத்துல அது வெளிய போக அடைச்சிருப்பாங்க, தெறந்தே இருந்தாலும் வீட்டு கனெக்ஷன் ஐபில இருந்து வர்ற மெயில பெரிய கம்பெனிங்க சந்தேகமாத்தான் பாக்கும், ஸ்பாம்ல போய் விழும் இல்லன்னா வாசல்லயே திருப்பி விட்ருவாங்க. அதனால போர்ட் 587ல லாகின் பண்ணி, பேரு உள்ள ஒரு சர்வர் கிட்ட குடுத்து அனுப்பச் சொல்றது.

முதல்ல சாமான்

உபுண்டு இல்லன்னா டெபியன்னு வச்சுப்போம். போஸ்ட்ஃபிக்ஸ இன்ஸ்டால் பண்ணணும்:

சுடோ ஏபிடி இன்ஸ்டால் போஸ்ட்ஃபிக்ஸ் லிப்சாஸல்2-மாட்யூல்ஸ்

ரெண்டாவது பேர எழுத்து எழுத்தா சொல்றேன், எல், ஐ, பி, எஸ், ஏ, எஸ், எல், அப்புறம் 2, ஹைஃபன், மாட்யூல்ஸ். இத விட்டுட்டா பின்னாடி எல்லாம் சரியா எழுதினாலும் லாக்ல "நோ மெக்கானிசம் அவைலபிள்"னு வந்து நிக்கும், அர மணிக்கூர் பாஸ்வேர்ட சந்தேகப்பட்டுட்டு இருப்பீங்க, ஆனா பிரச்சனை பாஸ்வேர்டுல இருக்காது. இன்ஸ்டால் ஆகும்போது ஒரு நீலக் கலர் ஸ்கிரீன் வந்து என்ன வகைன்னு கேக்கும், "இன்டர்நெட் சைட்" குடுங்க.

அப்புறம் பழைய செட்டிங்க காப்பி எடுத்து வைங்க. /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ ஃபோல்டர்ல மெயின்.சிஎஃப்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுக்கு ஒரு நகல். நான் எடுக்காம ஒரு தடவ மாட்டியிருக்கேன், அந்தக் கதை வேண்டாம்.

ஜிமெயில் பக்கத்துல ஒரு வேல. உங்க சாதாரண பாஸ்வேர்ட் இங்க செல்லாது. அந்த கூகுள் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி, அதுக்கப்புறம் "ஆப் பாஸ்வேர்ட்"னு ஒண்ணு உருவாக்கணும், 16 எழுத்து வரும், நாலு நாலா எடைவெளி விட்டு காட்டும், டைப் பண்றப்ப எடைவெளி வேண்டாம். ஒரே ஒரு தடவதான் காட்டும், உடனே எழுதி வச்சுக்கோங்க. சித்தப்பா போனுக்கு வர்ற நம்பர அவருகிட்ட கேட்டு வாங்குறதுக்குள்ள மூணு தடவ டைம் அவுட் ஆச்சு, கடைல ஆள் நிக்குன்னு போன வச்சிருவாரு. இலவச ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல அனுப்ப முடியாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், தேன் கடைக்கு அது எதேஷ்டம்.

லாட்ஜுக்கு சொந்த டொமைன் உண்டு, அதுக்கு காசு குடுத்து ஒரு ரிலே சர்வீஸ் எடுத்தாச்சு. இங்க நெஜ பேரு வேண்டாம், லாட்ஜ் டொமைன எக்ஸாம்பிள்.காம்னும் ரிலே சர்வர ரிலே.எக்ஸாம்பிள்.நெட்னும் வச்சுக்குறேன், உங்களோடத மாத்திப் போட்டுக்கோங்க.

யாரு எந்த வேன்ல

/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ உள்ள ரெண்டு புது ஃபைல் உருவாக்கணும். பேரு என்ன வேணா வைக்கலாம், நான் ஒண்ணுக்கு "ரிலே", இன்னொண்ணுக்கு "பாஸ்வேர்ட்"னு வச்சேன். "ரிலே" ஃபைல்ல ரெண்டே வரி:

கடைபேர்@ஜிமெயில்.காம் [எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்]:587
@எக்ஸாம்பிள்.காம் [ரிலே.எக்ஸாம்பிள்.நெட்]:587

இடது பக்கம் அனுப்புநர், வலது பக்கம் வேன். முழு அட்ரஸும் குடுக்கலாம், @ போட்டு டொமைன் மட்டும் குடுத்தா அந்த டொமைன்ல இருந்து யாரு அனுப்பினாலும் பொருந்தும். முழு அட்ரஸ்தான் முதல்ல தேடும், அதுக்கப்புறம்தான் டொமைன். அந்த சதுர அடைப்பு அழகுக்கு இல்ல கேட்டீங்களா, அத போடலன்னா போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பேருக்கு வெளி மெயில் வாங்குற சர்வர் எதுன்னு டிஎன்எஸ்ல (இன்டர்நெட்டோட பேர்ப் பட்டியல்) தேடிட்டு போகும், அடைப்புக்குள்ள போட்டா "தேடாத, இதே மெஷின் கிட்ட நேரா போ"ன்னு அர்த்தம்.

"பாஸ்வேர்ட்" ஃபைல்ல:

கடைபேர்@ஜிமெயில்.காம் கடைபேர்@ஜிமெயில்.காம்:பதினாறெழுத்து
[ரிலே.எக்ஸாம்பிள்.நெட்]:587 லாட்ஜ்யூசர்:அதோடபாஸ்வேர்ட்

முதல் வரில அட்ரஸ் ரெண்டு தடவ வருது, தப்பு இல்ல. முன்னாடி இருக்கது "யாரு அனுப்பினா", பின்னாடி இருக்கது "எந்தப் பேர்ல லாகின் பண்ண". ரெண்டாவது வரில அனுப்புநருக்குப் பதிலா ரிலேயோட பேரே இருக்கு, ஏன்னா லாட்ஜ்ல புக்கிங்@ல இருந்தும் போகும் பில்@ல இருந்தும் போகும், எல்லாத்துக்கும் ஒரே லாகின்தான். போஸ்ட்ஃபிக்ஸ் முதல்ல அனுப்புநர் பேர்ல பாஸ்வேர்ட் இருக்கான்னு பாக்கும், இல்லன்னா போற சர்வர் பேர்ல தேடும். ஆனா ஒண்ணு, இந்த [ரிலே.எக்ஸாம்பிள்.நெட்]:587ங்கறது முதல் ஃபைல்ல எப்படி எழுதினீங்களோ அச்சு அசலா அப்படியே இருக்கணும், அங்க அடைப்பு போட்டு இங்க விட்டாலோ 587 விட்டுப் போனாலோ ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரியாது.

பாஸ்வேர்ட் அப்படியே பச்சையா கெடக்குற ஃபைல் இது. அதனால அடுத்த வேலைக்கு முன்னாடி வேற யாரும் படிக்க முடியாம பூட்டணும்:

சுடோ சிஎச்மாட் 600 /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/பாஸ்வேர்ட்

இனி மெயின்.சிஎஃப்

இந்த வரி எல்லாம் அதுல வரணும்:

ரிலேஹோஸ்ட் = [ரிலே.எக்ஸாம்பிள்.நெட்]:587
சென்டர்_டிபென்டன்ட்_ரிலேஹோஸ்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே
எஸ்எம்டிபி_சென்டர்_டிபென்டன்ட்_ஆதென்டிகேஷன் = யெஸ்
எஸ்எம்டிபி_சாஸல்_ஆத்_எனேபிள் = யெஸ்
எஸ்எம்டிபி_சாஸல்_பாஸ்வேர்ட்_மேப்ஸ் = ஹேஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/பாஸ்வேர்ட்
எஸ்எம்டிபி_சாஸல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் = நோஅனானிமஸ்
எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் = என்கிரிப்ட்
ஐநெட்_இன்டர்ஃபேசஸ் = லூப்பேக்-ஒன்லி

முதல் வரி, எந்தப் பட்டியல்லயும் இல்லாத ஆளு வந்தா எந்த வேன்ல ஏத்தணும்னு. ரெண்டாவது வரிதான் மெயின் சங்கதி. மூணாவது வரி இல்லன்னா அனுப்புநர் பேர்ல பாஸ்வேர்ட் தேடவே தேடாது, வேன் சரியா வந்துரும், ஆனா டிரைவர் கைல பாஸ் இருக்காது. சாஸல்னு வர்ற வரி எல்லாம் லாகினுக்கு, டிஎல்எஸ் வரி அனுப்புறத வழில யாரும் படிக்காம பூட்டி அனுப்புறதுக்கு. கடைசி வரி, இந்த மெஷின்ல ஓடுற புரோகிராம் மட்டும்தான் மெயில் குடுக்கலாம், வெளிய இருந்து எவனும் வந்து நம்ம சர்வர் வழியா கண்டதையும் அனுப்ப முடியாது. வீட்டு சர்வருக்கு இத தயவு செஞ்சு விட்ராதீங்க.

தம்பி எங்க எங்க சறுக்கினான்னா, ஒண்ணு, எஸ்எம்டிபின்னு சொன்ன இடத்துல கடைசில ஒரு "டி" சேத்து எஸ்எம்டிபிடின்னு அடிச்சிட்டான். அந்த ஒரு எழுத்துல பெரிய வித்தியாசம், டி இருந்தா உள்ள வர்ற மெயிலுக்கான செட்டிங், இல்லன்னா வெளிய போறதுக்கு, நமக்கு இங்க வெளிய போறது மட்டும்தான். இன்னொண்ணு டிபென்டன்ட், அது முடியறது இ, என், டி. ஏ, என், டி போட்டா போஸ்ட்ஃபிக்ஸ் சண்டைக்கு எல்லாம் வராது, அப்படி ஒரு செட்டிங்கே இல்லாத மாதிரி சும்மா இருந்துரும், எல்லா மெயிலும் முதல் வரில சொன்ன ரிலேக்கே போய்ட்டு இருக்கும். எழுதி முடிச்சதும் போஸ்ட்கான்ஃப் -என்னு ஒரு தடவ அடிச்சுப் பாருங்க, தப்பா எழுதின பேரு இருந்தா "அன்யூஸ்ட் பாராமீட்டர்"னு சொல்லி குடுத்துரும். ரிலேஹோஸ்ட் வரியும் டிஎல்எஸ் லெவல் வரியும் இன்டர்ஃபேசஸ் வரியும் ஏற்கனவே ஃபைல்ல இருக்கும், கீழ புதுசா சேக்காம இருக்கதையே மாத்துங்க, ரெண்டு இருந்தா கடைசில வர்றதுதான் செல்லும், பின்னாடி நமக்கே கொழப்பம்.

இனி ரெண்டு ஃபைலையும் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்குற மாதிரி மாத்தணும்:

சுடோ போஸ்ட்மேப் /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே
சுடோ போஸ்ட்மேப் /இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/பாஸ்வேர்ட்
சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் போஸ்ட்ஃபிக்ஸ்

இது பக்கத்துலயே .டிபின்னு முடியற ஃபைல் போடும், போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கறது அதத்தான், நாம எழுதினத இல்ல. அதனால எப்ப ஒரு வரி மாத்தினாலும் போஸ்ட்மேப் மறுபடி அடிக்கணும், எத்தன வருஷம் ஆனாலும் மறக்குற ஒரே விஷயம் இதுதான். சில புது லினக்ஸ்ல ஹேஷ் வகையே எடுத்துட்டாங்க, போஸ்ட்கான்ஃப் -எம் அடிச்சா என்னென்ன வகை உண்டுன்னு லிஸ்ட் வரும், அதுல ஹேஷ் இல்லன்னா ஹேஷ்னு வர்ற இடத்துல எல்லாம் எல்எம்டிபின்னு (கடைசி ரெண்டு எழுத்து டேட்டாபேஸ்ல வர்ற டி, பி) போடுங்க.

சரியா போகுதான்னு பாக்குறது

மெயில் அனுப்புறதுக்கு முன்னாடியே பட்டியல கேட்டுப் பாக்கலாம்:

போஸ்ட்மேப் -கியூ கடைபேர்@ஜிமெயில்.காம் ஹேஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரிலே

ஜிமெயில் சர்வர் பேரு பதிலா வந்தா நல்லது. இதே மாதிரி புக்கிங்@எக்ஸாம்பிள்.காம்னு கேட்டா ஒண்ணுமே வராது, பதறாதீங்க, நான் பதறினேன். இந்த கமாண்ட் எழுதினத எழுத்துக்கு எழுத்துதான் தேடும், முழு அட்ரஸ் இல்லன்னா டொமைன பாக்குற புத்தி போஸ்ட்ஃபிக்ஸுக்குத்தான் உண்டு, இதுக்கு இல்ல. @எக்ஸாம்பிள்.காம்னு கேளுங்க, வரும்.

அப்புறம் நெஜமா ஒண்ணு அனுப்புங்க:

எக்கோ "டெஸ்ட்" | சென்ட்மெயில் -எஃப் புக்கிங்@எக்ஸாம்பிள்.காம் உங்க_சொந்த_மெயில்

உடனே போன எடுத்து இன்பாக்ஸ பாக்க ஓடாதீங்க. /வார்/லாக்/மெயில்.லாக் ஃபைல பாருங்க, அந்த ஃபைல் இல்லன்னா ஜர்னல்சிடிஎல் கமாண்ட் அடிச்சுப் பாருங்க. அதுல ஒரு வரில ஃப்ரம்=<புக்கிங்@எக்ஸாம்பிள்.காம்>னு இருக்கும், அடுத்து வர்ற வரில ரிலே=ரிலே.எக்ஸாம்பிள்.நெட், ஸ்டேட்டஸ்=சென்ட், 250ன்னு ஒரு நம்பர். ஃப்ரம் யாரு, ரிலே எது, இந்த ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா போதும். அடுத்து தேன் கடை அட்ரஸ்ல இருந்து ஒண்ணு அனுப்பி அதையும் பாருங்க.

கவர்ல ஒரு பேரு, கடுதாசில ஒரு பேரு

இதுவரை எல்லாம் சரியா வந்து, நான் அத்தானுக்கு போன் போட்டு "எல்லாம் முடிஞ்சாச்சு"ன்னு சொல்லிட்டேன். மறுநாள் தேன் கடை ஆர்டர் மெயில் லாட்ஜ் ரிலேக்குப் போய் அங்க "இந்த அட்ரஸ் எங்க கிட்ட பதிவு இல்ல"ன்னு திருப்பி விட்டுட்டாங்க. டெஸ்ட்ல போச்சு, நெஜத்துல போகல. ரெண்டு நாள் தலைய பிச்சுக்கிட்டேன். புதுசா வர்ற எல்லாரும் விழற குழி இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

ஸ்கூல்ல கடுதாசி எழுதச் சொல்லித் தந்தாங்கல்ல, கவர் மேல அனுப்புநர், பெறுநர், உள்ள கடைசில "இப்படிக்கு". மெயில்லயும் அப்படி ரெண்டு பேரு உண்டு. நீங்க மெயில தொறந்தா மேல தெரியற ஃப்ரம்ங்கறது உள்ள இருக்குற "இப்படிக்கு". கவர் மேல இருக்குற அனுப்புநர் வேற, அது சர்வருங்க தங்களுக்குள்ள பேசிக்குறது, நம்ம கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே இல்ல. போஸ்ட்ஃபிக்ஸ் வேன் பாக்குறது கவர மட்டும்தான், உள்ள இருக்குற கடுதாசிய பிரிச்சுப் பாக்காது.

சித்தப்பா வெப்சைட் பிஎச்பில எழுதினது. அதுல ஃப்ரம் கடைபேர்@ஜிமெயில்.காம்னு அழகா போட்டுத்தான் வச்சிருந்தேன். ஆனா கவர் மேல என்ன இருந்துச்சுன்னு லாக்க பாத்தா ஃப்ரம்=<டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா@வீட்டுசர்வர்>. வெப் சர்வர் எந்த யூசர் பேர்ல ஓடுதோ அந்தப் பேரு. அது பட்டியல்ல இல்ல, அதனால முதல் வரில இருக்குற பொது வேன்ல, அதாவது லாட்ஜ் ரிலேல ஏறிருச்சு. சென்ட்மெயில் கமாண்ட்ல நான் -எஃப் போட்டு டெஸ்ட் பண்ணினதால அது மட்டும் சரியா போயிருக்கு.

இதுக்கு வழி, பிஎச்பி மெயில் ஃபங்ஷன்ல அஞ்சாவது எடத்துல "-எஃப்கடைபேர்@ஜிமெயில்.காம்"னு சேத்துக் குடுக்கணும். அவ்ளோதான், ஒரே வரி. வேர்ட்பிரஸ் மாதிரி ஏதாவதுன்னா மெயில் பிளகின் செட்டிங்ல "ரிட்டர்ன் பாத்"னு ஒரு டிக் இருக்கும், அது இதே சங்கதிதான். கிரான் (நேரம் பாத்து சர்வர் தானா ஓட்டுறது) வேலை மாதிரி ரூட் யூசர்ல இருந்து போற மெயிலுக்கு எங்கயும் எழுத முடியாது, அதுக்கு போஸ்ட்ஃபிக்ஸ்லயே சென்டர்_கெனானிகல்_மேப்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, ரூட்ங்கற பேர புக்கிங்@எக்ஸாம்பிள்.காம்னு மாத்திரும், மாத்தினதுக்கு அப்புறம்தான் வேன் பாக்கும், அதனால சரியா வேலை செய்யும்.

வேற என்ன எரர் வரும்னா, 535ன்னு வந்தா யூசர் பேரோ பாஸ்வேர்டோ தப்பு, 530ன்னு ஸ்டார்ட் டிஎல்எஸ் கேட்டா டிஎல்எஸ் வரி விட்டுப் போயிருக்கு, கனெக்ஷன் டைம் அவுட்னா 587 அடைச்சிருக்கு. டொமைன் உள்ளவங்க ரிலே சர்வீஸ்காரங்க குடுக்குற எஸ்பிஎஃப் (நம்ம பேர்ல எந்த சர்வர் அனுப்பலாம்ங்கற பட்டியல்), டிகேஐஎம் (மெயில்ல போடுற கையெழுத்த சரிபாக்குற சாவி) ரெண்டையும் டிஎன்எஸ்ல சேத்துருங்க, 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் இதுல ரொம்ப கறார். எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒண்ணுதான் இருக்கணும், ஏற்கனவே ஒண்ணு இருந்தா அதுலயே சேக்கணும், ரெண்டாவது வரி போட்டா ரெண்டுமே செல்லாது.

கரண்டு போனாலோ நெட் போனாலோ மெயில் தொலையாது. முப்பந்தல்ல காத்தாடி எல்லாம் நம்ம மாவட்டத்துலதான் சுத்துது, ஆனா காத்து பலமா அடிச்சா எங்க வீட்ல முதல்ல போறது கரண்டுதான். போக வேண்டிய மெயில் வரிசைல நிக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் அதுவா மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், அஞ்சு நாள் வரைக்கும் பாத்துட்டுத்தான் திருப்பி அனுப்பும். போஸ்ட்கியூ -பி அடிச்சா வரிசைல யாரெல்லாம் நிக்காங்கன்னு தெரியும்.

போன வாரம் இது திடீர்னு ஏழு மெயில் காட்டுச்சு, ஏழும் தேன் கடையோடது, எல்லாத்துலயும் 535. லாட்ஜ் மெயில் ஜம்முன்னு போய்ட்டு இருக்கு. சித்தப்பாவுக்கு போன் போட்டு "ஜிமெயில்ல ஏதாச்சும் தொட்டியளா"ன்னு கேட்டேன். "ஒண்ணும் தொடல மக்ளே, பாஸ்வேர்ட் மறந்து போச்சு, கடைப் பையன் புதுசு ஒண்ணு வச்சுத் தந்தான்"ன்னாரு. கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்ட மாத்தினா பழைய ஆப் பாஸ்வேர்ட் எல்லாம் ரத்தாயிரும். புதுசா ஒண்ணு எடுத்து, ஃபைல்ல அந்த 16 எழுத்த மாத்தி, போஸ்ட்மேப் அடிச்சு, சுடோ போஸ்ட்கியூ -எஃப்னு வரிசைய தள்ளி விட்டேன். ஏழும் போயிருச்சு, அதுல ரெண்டு ஒரே ஆளோட ஆர்டர், மெயில் வரலன்னு ரெண்டு தடவ அமுக்கியிருக்காரு, சித்தப்பா ரெண்டு பாட்டிலையும் கட்டி வச்சிட்டாரு.